மனதைக் குடையும் யோசனையைக் கேள்வி கேட்கும்போது நாம் விடும் பிழைகள்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்காவின் மகன் கத்தாரில் வேலை செய்கிறான். ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு "சாப்பிட்டியா மனே" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். ஒரு சரிக்குறிதான் விழுந்தது, இரண்டாவது விழவில்லை. பத்து மணிக்குள் அவன் விபத்தில் சிக்கிவிட்டான். பதினொன்றுக்குள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். எல்லாம் அக்காவின் தலைக்குள். காலையில் அவனே கோல் எடுத்துப் பேசிவிட்டான், ஆனால் அந்த இரவு அக்காவை விட்டுப் போகவில்லை.

"என்னையே கேள்வி கேட்டுப் பார்த்தன் புள்ள, கேக்கக் கேக்கப் பயம் கூடுதே தவிர குறையல்ல" என்றார். என்ன கேட்டீங்க அக்கா என்றேன். "எனக்கு ஏன் இப்பிடி ஒரு மனசு? அவன ஏன் அனுப்பினன்?"

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான். 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி நடுச்சாமத்தில் அடுத்த 'ஏன்'னிடம்தான் கூட்டிப்போகும். எண்ணத்தை விசாரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நம்மை நாமே விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வளர்த்தெடுத்த சிகிச்சை முறையில் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். தானாக எழும் எண்ணத்தை ஓர் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு என்ன ஆதாரம்? எதிராக என்ன இருக்கிறது? வேறு விளக்கம் உண்டா?

அன்று முற்றத்தில் இருந்து, நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். மேலே அக்கா எழுதியது: 'மகனுக்கு ஏதோ நடந்துட்டு.' கீழே ஆதாரம்: ஒரு சரிக்குறி. பேனையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார், அடுத்த வரி வரவில்லை. ஒரு சரிக்குறி என்றால் செய்தி அவன் போனுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். சார்ஜ் இறங்கியிருக்கலாம், டேட்டா முடிந்திருக்கலாம். அப்புறம் கத்தார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. இங்கே ஒன்பது என்றால் அங்கே ஆறரை. "ஓம், அந்த நேரம் அவன் வேலையால வாற பஸ்ஸில எல்லா இருப்பான்" என்றார். அவருக்கு முதலே தெரிந்த விஷயம். பயம் வரும்போது தெரிந்ததும் மறந்துபோகிறது. அதனால்தான் தாளில் எழுதச் சொல்கிறேன். தலைக்குள் வைத்தே கேள்வி கேட்டால் கேட்கிறவரும் பதில் சொல்கிறவரும் அதே பயந்த ஆள்தான்.

இன்னொரு பிழை, "அதை நினைக்கவே கூடாது" என்று எண்ணத்தின் வாயைப் பொத்துவது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். அவர்கள் திரும்பத் திரும்ப மணியடித்தார்கள். "ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காது" என்று மனப்பாடம் செய்வதும் இந்தக் கரடியோடு மல்லுக்கட்டுகிற மாதிரித்தான். கண்டவரிடமெல்லாம் "அவனுக்கு ஒன்றுமில்லைதானே?" என்று கேட்டு ஆறுதல் தேடினால், அந்த ஆறுதல் அடுத்த சரிக்குறி வரைக்கும்தான்.

நம்ம ஊரில் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. எண்ணத்தைக் கேள்வி கேட்பது என்றால் அதைப் பொய் என்று நிரூபிப்பது எனச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடியிலும் கல்முனைப் பக்கமும் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். யுத்த காலத்தில் வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வராமலே போன வீடுகள் எத்தனை. இரவில் கடல் கொஞ்சம் பலமாக இரைந்தால் எழுந்து உட்காரும் ஓர் அம்மாவிடம் "அது வீண் பயம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவர் தன்னிடம் கேட்க வேண்டியது வேறு: அன்று நடந்தது உண்மை, இன்றிரவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எச்சரிக்கை ஏதும் வந்திருக்கிறதா? அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு ஒரு தடவை எடுத்துக் கேட்கலாம். பத்துத் தடவை கேட்டால் அதுவே யோசனைக்குத் தீனியாகிவிடும்.

சில எண்ணங்கள் கேள்வி கேட்டாலும் சரியாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை லோன் கட்ட வேண்டும், கையில் காசில்லை என்றால் அது மனப்பிரமை இல்லை. அங்கே கேள்வியை விட்டுவிட்டு, நாளை காலையில் யாரிடம் போவது, என்ன சொல்வது என்று எழுத வேண்டும்.

இதையெல்லாம் பாயில் படுத்தபின் தொடங்காதீர்கள். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். இரவில் வரும் எண்ணத்தை ஒரு வரியில் குறித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளி வையுங்கள். முதல் சில நாள் கேட்காது, பரவாயில்லை.

எழுதிப் பார்த்தும் வாரக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் தனியே மல்லுக்கட்ட வேண்டாம். பைத்தியம் என்று சொல்வார்களோ என்ற பயமும் ஓர் எண்ணம்தான். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், இல்லாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுத்துப் பேசலாம்.