லெதர் சீற்: பளபளப்புக்காகச் செய்யும் பிழைகள்

அநேகமான கார்களில் சீற்றுத் தோலுக்கு நிறம் அடித்து, அதற்கு மேல் மெல்லிய பொலியூரேதேன் பூச்சும் பூசியிருப்பார்கள். நாங்கள் துடைப்பதும் தேய்ப்பதும் அந்தப் பூச்சைத்தான். இது விளங்காமல்தான் பலர் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தூக்குகிறார்கள். பூசிய அன்று பளபளக்கும். ஆனால் எண்ணெய் பூச்சைத் தாண்டி உள்ளே இறங்காது. மேலே நின்று, வலிகாமத்துச் செம்மண் புழுதியை ஒட்டவைக்கும். ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தப் புழுதி பூச்சை அராவும். ரைவர் சீற்றின் கதவுப்பக்க ஓரம் முதலில் நிறம் கெடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வேட்டியோடு நல்லூருக்குப் புறப்படுகிறவரின் கதையைச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது சவர்க்காரத் தூள். அது காரம், தோல் இலேசான அமிலத்தன்மை உள்ளது. அடிக்கடி போட்டுக் கழுவினால் பூச்சு வறண்டு வெடிக்கும். தின்னர், ஸ்பிரிற் பக்கமே போகவேண்டாம், நிறமே துணியோடு வந்துவிடும்.

கிணற்றுத் தண்ணீரையும் கவனியுங்கள். சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர், காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் அரைப் போத்தல் போதும் (அசிட் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள்).

முதலில் தையல் மடிப்புகளில் உள்ள மண்ணை வக்கூமால் உறிஞ்சுங்கள். இதை விட்டுவிட்டுத் தேய்த்தால் மண்ணாலேயே கீறுகிறீர்கள். லெதர் கிளீனரைச் சீற்றில் நேரே அடிக்காமல், மென்மையான பிரஷில் நுரையாக எடுத்து, ஒரு சாண் அகலமாகத் தேய்த்து, ஊத்தை மறுபடி காய முன்னர் ஈரத்துணியால் துடையுங்கள். துளை போட்ட சீற் என்றால் இன்னும் கவனம்: ஈரம் உள்ளே போனால் பஞ்சு நாறும், சூடேற்றும் வயரும் பழுதாகலாம்.

காயவைப்பது நிழலில், கதவைத் திறந்துவிட்டு. காய்ந்த பிறகு கொண்டிஷனர் (தோல் பராமரிப்புக் கிறீம்) பூசுங்கள். வெய்யிலில் கொதித்த சீற்றில் பூசினால் திட்டுத்திட்டாகக் காயும். ஒரு சீற்றுக்கு ஐந்து ரூபாய்க் குத்தி அளவு போதும். 20 நிமிடம் விட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். வழுக்கினால் கூடிப்போச்சு. மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் காணும். வெடித்த இடத்தைக் கொண்டிஷனர் ஒட்டாது. அதற்கு நிரப்பி நிறம் அடிக்கவேண்டும்.

இன்னொன்று: ‘லெதர் சீற்’ என்று விற்கும் பல கார்களில் உட்காரும் முகப்பு மட்டும்தான் தோல், பக்கமும் பின்புறமும் ரெக்சின் (செயற்கைத் தோல்). அங்கே கொண்டிஷனர் பூசுவது காசுக்குக் கேடு.