காலேஜ் பசங்க பிசினஸ் பண்ணுவாங்களா? ப்ராஜெக்ட்டுக்கு சர்வே எடுக்கப்போறவங்களுக்கு

எம்பிஏ, எம்.காம், பி.காம் எதுவா இருந்தாலும் சரி, ஃபைனல் இயர்ல டாபிக் சிக்கலன்னா கைடு நீட்டுறது இதத்தான், "கல்லூரி மாணவர்களின் தொழில்முனைவு மனப்பான்மை - ஓர் ஆய்வு". எங்க டிபார்ட்மென்ட் லைப்ரரில இந்த தலைப்புல மட்டும் ஒரு தட்டு முழுக்க பைண்டிங் பண்ணி அடுக்கி வெச்சிருந்தாங்க, நான் எடுத்து புரட்டுன எல்லாத்துலயும் கடைசி சாப்டர் ஒண்ணுதான்: மாணவர்களுக்கு ஆர்வம் இருக்கு, விழிப்புணர்வு இல்ல, அரசு ஆவன செய்யணும். நானும் முதல் ட்ராஃப்ட் அப்படித்தான் எழுதுனேன், கைடு படிக்காமயே கையெழுத்து போடப்போனாரு, அப்பதான் எனக்கே உறுத்துச்சு.

பிரச்சனை எங்கன்னா கேள்வில. "சொந்தமா தொழில் தொடங்க விருப்பமா?"ன்னு கேட்டா எவன் இல்லன்னு சொல்லுவான்? ஃபார்ம்ல ஆமான்னு டிக் அடிச்ச பையன் அன்னிக்கு ராத்திரியே ஐடி கம்பெனி டெஸ்ட்டுக்கு ஆப்டிட்யூட் போட்டுட்டு இருப்பான். அவன் பொய் சொல்லல, நீங்க ஆசைய கேட்டீங்க அவன் ஆசைய சொன்னான், அவ்ளோதான்.

அதனால முதல்ல எத அளக்கப்போறோம்னு பிரிச்சுக்கோங்க. இதுக்கு ஐசக் அய்சன் 1991-ல எழுதுன ஒரு தியரி இருக்கு, திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடுன்னு பாடத்துல வரும், பயந்துராதீங்க, நம்ம பாஷைல மூணே கேள்வி: அது எனக்கு புடிக்குதா, எனக்கு வேண்டப்பட்டவங்க என்ன சொல்லுவாங்க, என்னால முடியும்னு நான் நம்புறேனா. மூணும் சேர்ந்துதான் தொழில் தொடங்கணும்ங்கற எண்ணம் வருது. மனப்பான்மைங்கறது இதுல முதல் கேள்வி மட்டும்தான், நம்மாளுங்க அத ஒண்ணத்த அளந்துட்டு மூணையும் அளந்த மாதிரி எழுதிடறாங்க. இதுக்கு ரெடிமேட் கேள்வித்தாளும் இருக்கு, லின்யான், சென்னு ரெண்டு பேரு ஸ்பெயின்லயும் தைவான்லயும் வெச்சு பாத்து 2009-ல வெளியிட்டது, ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் மார்க் போடுற ஸ்கேல். அத எடுத்துக்கோங்க, எங்க எடுத்தோம்னு எழுதிருங்க, சொந்தமா உக்காந்து முப்பது கேள்வி யோசிக்கிறத விட இது மேல்.

ஆனா அப்படியே தமிழ்ல மாத்தி போட்டா மாட்டுவீங்க. "தொழில்முனைவோர்"ங்கற வார்த்தைய கேட்டா ஒரு பொண்ணுக்கு மொபைல் ஆப், ஃபண்டிங், கோட்டு போட்ட ஆளு ஞாபகம் வரும், பக்கத்துல இருக்கற பையனுக்கு அவங்க மாமா நடத்துற ஹார்டுவேர் கடை. ரெண்டு பேரும் ஒரே கேள்விக்கு வேற வேற பதில் சொல்லிட்டு போவாங்க. நான் கடைசில "சொந்தமா ஒரு பிசினஸ், சின்னதோ பெருசோ, நீங்களே காசு போட்டு நீங்களே நடத்துறது"ன்னு ஃபார்ம் மேலயே ஒரு வரி போட்டேன். தமிழாக்கத்த ஒரு ஃப்ரெண்ட்கிட்ட குடுத்து திரும்ப இங்கிலீஷுக்கு மாத்த சொல்லுங்க, எங்க உதைக்குதுன்னு அப்ப தெரியும்.

அடுத்தது, வேலையா பிசினஸான்னு ரெண்டு மட்டும் வெச்சு கேக்காதீங்க. நம்ம ஊர்ல அது நாலு முனை போட்டி: தனியார் வேலை, மேல்படிப்பு, சொந்த பிசினஸ், அப்புறம் டிஎன்பிஎஸ்சி. நாலையும் குடுத்து வரிசைப்படுத்த சொல்லுங்க, ஒரே ரேங்க்க ரெண்டுக்கு போட விடாதீங்க. பிசினஸுக்கு ஏழுக்கு ஆறு போட்ட பல பேரு இங்க வந்ததும் அத மூணாவது இடத்துல வைப்பாங்க, உங்க ப்ராஜெக்ட்டே அங்கதான் இருக்கு.

இனிமே முக்கியமானது, என்ன நினைக்கறன்னு கேக்கறதோட நிறுத்தாம என்ன செஞ்சன்னு கேளுங்க. போன 12 மாசத்துல லாபத்துக்கு ஏதாவது வித்தியா (வாட்சப் ஸ்டேட்டஸ்ல சுடிதார் போட்டு வித்தாலும் கணக்குதான், ஹாஸ்டல்ல ஊறுகாய் வித்தாலும் கணக்குதான்), ஒரு பொருளுக்கு அடக்க விலை போட்டு பாத்தியா, தொழில் பண்ற யார்கிட்டயாவது போய் உக்காந்து பேசுனியா. ஆமா இல்லன்னு பதில் வர்ற நாலஞ்சு கேள்வி போதும். அரசு திட்டங்கள் தெரியுமான்னு மட்டும் கேட்டுடாதீங்க, தெரியும்னு எல்லாரும் அடிச்சுருவாங்க, "ஒரு திட்டத்தோட பேர எழுதுங்க"ன்னு காலி இடம் விடுங்க. நான் விட்டேன், பாதி பேரு "முத்ரா"ன்னாங்க (சின்ன தொழிலுக்கு மத்திய அரசு வெச்சிருக்கற கடன் திட்டம்), மீதி வெறும் கோடு. முதல் தலைமுறை தொழில்முனைவோருக்கே தமிழ்நாடு அரசு வெச்சிருக்கற நீட்ஸ் திட்டத்த, டிகிரியோ டிப்ளமோவோ ஐடிஐயோ முடிச்சவங்களுக்கு 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 75 லட்சம் வரைக்கும், அத ஒருத்தர் கூட எழுதல. சிறு குறு தொழில் நடத்தறவங்க மத்திய அரசுகிட்ட பண்ற உத்யம் பதிவு இலவசம்ங்கறதும் தெரியல, ப்ரவுசிங் சென்டர்ல காசு குடுத்து போட்டவங்கதான் ஜாஸ்தி.

வீட்டு வருமானம் கேக்காதீங்க, பசங்களுக்கு தெரியாது, தெரிஞ்சாலும் சரியா எழுத மாட்டாங்க. வீட்ல காசு எதுல இருந்து வருதுன்னு கேளுங்க: மாச சம்பளமா, தொழிலா, விவசாயமா, கூலியா. தொழில் பண்ற வீட்டு பிள்ளைங்கதான் தொழிலுக்கு வருவாங்கன்னு நான் எழுதி வெச்சிருந்தேன். திருப்பூர் பக்கம் ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கற வீட்டு பையன் ஒருத்தன் அத ஒடச்சான். "அண்ணா, பில்லு காசு மூணு மாசம் கழிச்சு வரும், சனிக்கிழமை வந்தா ஆளுங்களுக்கு சம்பளம் போடணும், வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கப்பா தூங்கி நான் பாத்ததில்ல, எனக்கு பேங்க் வேலை போதும்ணா"ன்னான். இது எந்த ஸ்கேல்லயும் வராது. அதனால ஃபார்ம் முடிஞ்சதும் அஞ்சாறு பேர தனியா டீக்கடைக்கு கூட்டிட்டு போய் பேசுங்க, "பிசினஸ் பண்ணப்போறேன்னு வீட்ல சொன்னா அவங்க வாய்ல வர்ற முதல் வார்த்தை என்ன?"ன்னு கேளுங்க, மீதிய அவங்களே பேசுவாங்க.

வீடுன்னதும் ஒண்ணு. க்ரூகர், ரெய்லி, கார்ஸ்ரட்னு மூணு பேரு 2000-ல அமெரிக்க பிசினஸ் மாணவர்கள்கிட்ட பாத்தப்ப, சுத்தி இருக்கறவங்க அபிப்ராயம் எண்ணத்துல எடுபடல. நம்ம பக்கம், கல்விக்கடன் தவணையும் தங்கச்சி கல்யாணமும் ஒரே தலைல இருக்கற பையனுக்கு, அப்படியே வரும்னு நான் நம்பல. வந்தா வந்ததுன்னு எழுதுங்க, வரலன்னா ஏன்னு எழுதுங்க, வைவால பேச இத விட நல்ல விஷயம் கிடைக்காது.

யார்கிட்ட எடுக்கறதுன்னா, ஈ-செல் (காலேஜ்ல இருக்கற தொழில்முனைவு க்ளப்) மெம்பர்ஸ் வாட்சப் க்ரூப்ல லிங்க் போட்டுட்டு உக்காராதீங்க, அது கோயில் வாசல்ல நின்னு சாமி கும்புடுவீங்களான்னு கேக்கற கதை. எச்ஓடிகிட்ட பர்மிஷன் வாங்கி வகுப்பு வகுப்பா போங்க, சார் வெளிய போனப்புறம் ஃபார்ம குடுங்க, பேரு ரெஜிஸ்டர் நம்பர் வேணாம். 384 சாம்பிள்னு எல்லாரும் போடுவாங்க, அது 95 சதவீத நம்பகம், 5 சதவீத பிழைன்னு வெச்சு வர்ற கணக்கு, குலுக்கல் மாதிரி சமவாய்ப்புல எடுத்தாதான் செல்லும். நீங்க கைக்கு கிடைச்சவங்ககிட்ட எடுத்தீங்கன்னா அப்படியே எழுதிருங்க, மானம் போகாது. ப்ளேஸ்மென்ட் சீசனுக்கு முன்னாடியா பின்னாடியான்னு தேதியும் போடுங்க, ஆஃபர் கைல இருக்கறவன் பதிலும் இல்லாதவன் பதிலும் ஒண்ணு இல்ல.

கணக்கு பகுதி சுருக்கமா: எல்லாத்துக்கும் நாலு நாலுன்னு அடிச்ச ஃபார்ம தூக்கி போடுங்க (எத்தன போட்டீங்கன்னு சொல்லணும்), ஒவ்வொரு பகுதிக்கும் தனியா க்ரான்பாக் ஆல்ஃபா (ஒரு பகுதில இருக்கற கேள்விங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதான்னு சொல்ற எண்) பாருங்க, 0.7-க்கு மேல இருந்தா ஓகே, கை-ஸ்கொயர் (ரெண்டு விஷயத்துக்கு நடுவுல தொடர்பு இருக்கான்னு பாக்கற சோதனை) போடும்போது எதிர்பார்ப்பு எண்ணிக்கை அஞ்சுக்கு கீழ நிறைய கட்டத்துல இருந்தா பிரிவுகள சேத்துக்கோங்க.

சஜஷன் சாப்டர்ல அரசு விழிப்புணர்வு ஏற்படுத்தணும்ங்கற வரிய அடிச்சுட்டு உங்க காலேஜ்ல நாளைக்கே செய்யக்கூடியது ஒண்ணு எழுதுங்க. மத்திய கல்வி அமைச்சகத்தோட 2019 ஸ்டார்ட்அப் பாலிசில ப்ராஜெக்ட்டுக்கு பதிலா ஸ்டார்ட்அப்பயே மாணவர் எடுத்துக்க இடம் இருக்கு, அத உங்க காலேஜ் நடைமுறைக்கு கொண்டு வந்துச்சான்னு கேட்டு, என்ன பதில் வந்துச்சுன்னு போடுங்க. நான் கேட்டேன், "அப்படி ஒண்ணு இருக்கா?"ன்னு என்னையே திருப்பி கேட்டாங்க, அதையும் எழுதிட்டுதான் பைண்டிங்குக்கு குடுத்தேன்.