பெரியவர்களுக்கு ஆப் சொல்லிக்கொடுக்கும்போது செய்யக்கூடாதவை

வீட்டுப் பெரியவர்களுக்கு மொபைல் ஆப் பழக்கிவிட வரும் இளையவர்களைக் கவனித்தால், ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். பொறுமை வேண்டும், கத்தக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே, அதை விட்டுவிடலாம்.

உங்கள் நம்பரில் கணக்குத் தொடங்குவது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. "அம்மாவுக்கு ஓடிபி எல்லாம் பார்க்கத் தெரியாது, என் நம்பரையே போட்டுடறேன்" என்று வங்கி ஆப்பிலிருந்து மருத்துவமனை ஆப் வரை எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் தங்கள் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு வேலை சட்டென்று முடியும், சரி. அப்புறம் ஒருநாள் ஆப் தானாக லாக்அவுட் ஆகும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் டாக்டர் அறை வாசலில் நின்றுகொண்டு தன் பதிவைக் காட்ட ஆப்பைத் திறந்தார். அது ஓடிபி கேட்டது. ஓடிபி போனதோ மகளுக்கு. அவள் இருக்கும் நாட்டில் அப்போது நடுராத்திரி. அவள் எழுந்து பார்த்து அனுப்புவதற்குள் அது காலாவதி. இவர் 'மீண்டும் அனுப்பு' என்பதைத் தட்டிவிட்டு, கையில் இருந்த பழைய ஓடிபியையே திரும்பத் திரும்பப் போட, கணக்கு பூட்டிக்கொண்டது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒருவர் ஓடிபியை வாசிக்க இன்னொருவர் தட்டுவது வீட்டில் சகஜமாகிவிடுகிறது. மோசடிக்காரர்கள் போனில் பேசிக் கறக்கப் பார்ப்பதும் இதே ஓடிபியைத்தான். "யாருக்கும் சொல்லாதீங்க" என்று எச்சரித்துவிட்டு, நீங்களே அடிக்கடி கேட்டு வாங்கிக்கொண்டிருந்தால் அந்த எச்சரிக்கைக்கு என்ன மதிப்பு? கணக்கு அவர்கள் எண்ணிலேயே இருக்கட்டும். ஆப்பில் மாற்று எண் கொடுக்க வசதி இருந்தால் உங்களுடையதை அங்கே கொடுங்கள். ஓடிபி திரையின் மேலே எட்டிப் பார்த்துவிட்டு மறைவதையும், அதை மறுபடி எங்கே போய்ப் பார்ப்பது என்பதையும் முதலில் பழக்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.

போனைப் பிடுங்குவது

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

விரலைக் குறை சொல்வது

பட்டனை அழுத்தி அழுத்திப் பழகிய தலைமுறை தொடுதிரையையும் அழுத்தித்தான் பிடிக்கும். போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு, ஆப்பைத் திறக்காமல் வேறெதையோ காட்டும். வயதானால் தோல் வறண்டுபோகும், சில சமயம் திரை தொடுதலை உணர்வதில்லை. நகம் பட்டாலும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அணுகல்தன்மை (Accessibility) பகுதிக்குள் போனால் எவ்வளவு நேரம் தொட்டால் நீண்ட அழுத்தம் என்பதை மாற்றலாம். விரல்ரேகை தேய்ந்தவர்களுக்கு, போனைத் திறக்க PIN நம்பரே நல்லது.

எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு எழுந்து போவது

சில ஆப்களில் எழுத்து பெரிதானதும் 'தொடர்க' பட்டன் திரைக்குக் கீழே போய்விடும். ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

பேக் பட்டனை ஒளித்துவைப்பது

ஆண்ட்ராய்டு 10 வந்த 2019-க்குப் பிறகு, ஓரத்திலிருந்து இழுத்தால் பின்னால் போகும் முறை பரவலாகிவிட்டது; அதில் பேக் பட்டன் திரையில் தெரியாது. செட்டிங்ஸில் பழைய மூன்று பட்டன்களைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

"சும்மா அலோ பண்ணுங்க"

இதில் தப்பு இளையவர்கள் பக்கம். ஆப் அனுமதி கேட்கும்போதெல்லாம் வாசிக்காமலே தட்டித் தட்டிப் பழகிவிட்டோம். பெரியவர்களோ ஒவ்வொரு வரியாக வாசிக்கிறார்கள், நமக்குப் பொறுமை போகிறது. டார்ச் ஆப்புக்கு என் காண்டாக்ட் எதற்கு என்று ஒருவர் கேட்டால், அவசரப்படுத்தாமல் அந்த ஆப்பைத் தூக்கிவிடுங்கள்.