வீட்டில் 10 மீட்டர் இடமில்லையா? ஏர் பிஸ்டலுக்கு 5 மீட்டர் தூர இலக்கு அட்டை தயாரிக்கும் முறை

ஏர் பிஸ்டல் கைக்கு வந்துவிட்டது. கிளப்புக்கு ஞாயிறு மட்டும்தான் போக முடிகிறது. வீட்டில் 10 மீட்டர் நீளம் எங்கே கிடைக்கும்? எங்கள் வீட்டில் வாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை ஆறேகால் மீட்டர். நான் நிற்கவும், பெல்லட்டை (ஏர் பிஸ்டலின் சிறு ஈயக் குண்டு) பிடிக்கும் பெட்டிக்கும் இடம் விட்டால் 5 மீட்டர் மிஞ்சும். அதில் பழகி எனக்குப் பலன் கிடைத்ததால் இதை எழுதுகிறேன். பிடி, நிற்கும் முறை, பாதுகாப்பு எல்லாம் கோச்சிடம் கற்றிருப்பீர்கள், அதற்குள் போகவில்லை.

தூரம்

7 மீட்டர் கிடைத்தால் 7, இல்லாவிட்டால் 5. அதற்கும் கீழே பெல்லட் போட்டுச் சுடவே வேண்டாம், ஈயம் தெறித்துத் திரும்பும். 5 மீட்டரிலும் கண்ணாடி அணியாமல் நான் சுடுவதில்லை. இடம் அதைவிடச் சிறியது என்றால் வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரை ஃபயர் செய்யுங்கள், அதாவது பெல்லட் போடாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகுங்கள்.

டேப்பைச் சுடும் கோட்டிலிருந்து அட்டையின் முகம் வரை பிடியுங்கள், பிஸ்டல் முனையிலிருந்து அல்ல. நீட்டிய கையும் பிஸ்டலும் அரை மீட்டருக்கு மேல் வரும். 5 மீட்டரில் அது பத்தில் ஒரு பங்குப் பிழை.

உயரம்

போட்டியில் அட்டையின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர். வீட்டிலும் அப்படியே ஒட்டினால் கை வழக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்கும். உங்கள் கண் உயரத்துக்கும் 1.4-க்கும் நடுவில் ஒட்டுங்கள். என் கண் உயரம் 1.58, அதனால் 1.49-இல் ஒட்டியிருக்கிறேன்.

அட்டை

நான் ஒரு மாதம் தடுமாறியது இங்கேதான். 10 மீட்டர் அட்டையில் கருப்பு வட்டத்தின் விட்டம் 59.5 மில்லிமீட்டர், நடுவில் 10 புள்ளி தரும் வளையம் (10 வளையம்) 11.5. தூரம் பாதி என்பதால் எல்லாவற்றையும் பாதியாக்கி அச்சடித்தேன். வீட்டில் பத்து குண்டுக்கு 93, 94 வந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் 86. பதற்றம் என்று நினைத்து மூச்சுப் பயிற்சி எல்லாம் செய்து பார்த்தேன். மாறவில்லை.

ஒருநாள் அட்டையைக் கையில் வைத்துத் துளைகளை உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது. அட்டை பாதியானது, பெல்லட் பாதியாகவில்லை. அது எங்கே போனாலும் 4.5 மில்லிமீட்டர்தான். துளையின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைக்கும் என்பது விதி. அதாவது 10 மீட்டரில் துளையின் மையம் 8 மில்லிமீட்டர் விலகும் வரை 10 உண்டு. 5 மீட்டரில் அது 4 ஆக இருக்க வேண்டும். என் அட்டையோ 5.1 வரை 10 கொடுத்துக்கொண்டிருந்தது.

சரி, கணக்கு இதுதான். வளையத்தின் விட்டத்தோடு 4.5 கூட்டுங்கள், தூர விகிதத்தால் (5 மீட்டருக்கு 0.5, 7 மீட்டருக்கு 0.7) பெருக்குங்கள், அப்புறம் 4.5 கழியுங்கள். 5 மீட்டருக்கு 10 வளையம் 3.5, 9 வளையம் 11.5, 8 வளையம் 19.5, 7 வளையம் 27.5. 7 மீட்டருக்கு 10 வளையம் 6.7, 9 வளையம் 17.9. வாங்கிய 10 மீட்டர் அட்டையையே 5 மீட்டரில் தொங்கவிட்டால், அதன் 10 வளையம் உண்மையில் 9 என்பதையும் கவனியுங்கள்.

கருப்பு வட்டத்துக்கு இந்தக் கழித்தல் கிடையாது. அது கண்ணுக்கானது, முன் சைட்டின் (பிஸ்டலின் முனையில் குறிபார்க்க உள்ள முளை) பக்கத்தில் அதே அளவில் தெரிய வேண்டும். ஆகவே நேராகப் பாதி: 29.75. அதற்குள் 7 வளையத்துக்காக 27.5-இல் மெல்லிய வெள்ளைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சைட்

வீட்டில் திருத்திய சைட் கிளப்பில் பொருந்தாது. கருப்புக்குக் கீழே குறிவைப்பதால் அந்த இடைவெளியும் தூரத்தோடு மாறுகிறது. சைட் திருகை எத்தனை கிளிக் திருப்பினீர்கள் என்று எண்ணி, பிஸ்டல் பெட்டியின் மூடிக்குள் எழுதி ஒட்டுங்கள்.

பெல்லட் தட்டைத் தலை உள்ளதாகவே இருக்கட்டும். கூர்முனை பெல்லட் காகிதத்தைக் கிழித்துவிடும், 3.5 மில்லிமீட்டர் வளையத்தில் துளை எங்கே முடிகிறது என்று தெரியாது. வழவழப்பான காகிதமும் கிழியும். கெட்டியான, சொரசொரப்பான அட்டையே நல்லது. சுட்டு முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், தொட்டது ஈயம்.

பின்சேர்க்கை 1: ஒரு வாசகர் கருப்பு வட்டம் 28 தான் வருகிறது என்று எழுதியிருந்தார். பிரிண்டர், பக்கத்துக்குப் பொருத்துகிறேன் என்று படத்தைச் சுருக்கியிருக்கிறது. 100 சதவீதம் என்று வைத்து அச்சடியுங்கள், முதல் தாளை வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள்.

பின்சேர்க்கை 2: 25 மீட்டர் பிஸ்டல் பழகுபவர்கள் இருவர் கேட்டிருக்கிறார்கள். பாரிஸ் 2024-இல் மனு பாக்கர் 10 மீட்டரில் இரண்டு வெண்கலம் வாங்கிவிட்டு நான்காவதாக வந்தாரே, அந்தப் போட்டி. அதன் பிரிசிஷன் (நிதானமாகச் சுடும் முதல் பகுதி) அட்டையில் கருப்பு 200 மில்லிமீட்டர். .22 தோட்டாவைக் கிளப்பில் மட்டும்தான் சுட வேண்டும். வீட்டில் ட்ரை ஃபயர் செய்ய 5 மீட்டரில் 40 மில்லிமீட்டர் கருப்பு வட்டம் போதும். அங்கே துளையே விழுவதில்லை, அதனால் கழிக்க ஒன்றுமில்லை.