கண்ணாடிக்குள் ஆவியை உட்கார வைப்பது எப்படி

இரவுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தால், இருட்டான வயல்களுக்கு மேல் நம் முகம் மிதந்துகொண்டே கூட வரும். உள்விளக்கை அணைத்ததும் முகம் போய்விடும், வயல் மட்டும் மிஞ்சும். மேடையில் ஆவியை வரவழைக்க இதற்கு மேல் ஒரு தந்திரமும் தேவையில்லை. கண்ணாடியின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு, அவ்வளவுதான்.

இதற்கு ‘பெப்பரின் ஆவி’ என்று பெயர். மூல யோசனை ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளருடையது. அதை நாடகக் கொட்டகைக்கு ஏற்றபடி எளிமையாக்கி, 1862 டிசம்பர் 24 அன்று லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் டிக்கன்ஸ் கதை ஒன்றின் காட்சியோடு மேடையேற்றியவர் ஜான் ஹென்றி பெப்பர். பெயர் அவருக்கே போய்விட்டது. 1969-இல் திறந்த டிஸ்னிலேண்ட் பேய் மாளிகையில் ஆவிகள் நடனமாடும் கூடம் இதே முறைதான். 1996-இல் இறந்த ராப் பாடகர் டூபாக் 2012-இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழா மேடையில் ‘ஹாலோகிராமாக’ வந்து பாடினார் என்று செய்தி போட்டார்களே, அதுவும் ஹாலோகிராம் அல்ல. கண்ணாடிக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் படலம். செய்தி வாசிப்பவர்கள் பார்த்துப் படிக்கும் டெலிப்ராம்ப்டரும் இந்தக் குடும்பம்தான்.

அறிவியல் கண்காட்சிக்கோ ஆண்டுவிழா நாடகத்துக்கோ செய்வதாக இருந்தாலும், முதலில் மேஜை மேல் வைக்கும் பெட்டியில் பழகிக்கொள்ளுங்கள். பெட்டியில் சரியாக வராதது மேடையிலும் வராது.

பெட்டி

30 செ.மீ. நீள, அகல, உயரமுள்ள மூன்று அட்டைப்பெட்டிகள் வேண்டும். ஒன்று நடு அறை. அதன் நேர் பின்னால் இரண்டாவது, அது பின் அறை; நிஜப் பொருள், அதாவது ஒரு சின்ன நாற்காலி, இருக்கும் இடம். நடு அறைக்கு இடப்பக்கத்தில் மூன்றாவதை ஒட்டுங்கள். ஆவியாகப் போகிற பொம்மை ஒளிந்திருக்கும் பக்க அறை அது. மேலிருந்து பார்த்தால் முக்கோணத்தின் மூன்று மூலைகளைப் போல இல்லாமல், செங்கோணமாக மடங்கியிருக்க வேண்டும். ஒட்டும் இடங்களில் உள்ள சுவர்களை முழுக்க வெட்டி எடுத்துவிடுங்கள். முன்னால் திறந்திருக்க வேண்டியது நடு அறை மட்டுமே. பக்க அறைக்கு முன்சுவர் கட்டாயம் இருக்க வேண்டும். அதன் பின்சுவரில் கை நுழைகிற அளவு ஒரு கதவு வெட்டி, கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள்.

கண்ணாடி நடு அறையில் மூலைவிட்டமாக, செங்குத்தாக நிற்கும். முன்னால் நின்று பார்க்கும்போது உங்கள் வலக்கைப் பக்க முன்மூலையில் தொடங்கி, இடக்கைப் பக்கப் பின்மூலையில் முடிய வேண்டும். திசையை மாற்றி வைத்துவிட்டுப் பொம்மை தெரியவில்லை என்று விளக்கைக் கூட்டிக்கொண்டே போவதுதான் இங்கே பெரும்பாலும் நடக்கிற தவறு. 30 செ.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் 42 செ.மீ. சொச்சம் வரும். எனவே 42 × 29.5 செ.மீ. அளவில் 2 மி.மீ. அக்ரிலிக் ஷீட் (கண்ணாடி போலவே தெளிவான பிளாஸ்டிக் தகடு) வெட்டித் தரச் சொல்லுங்கள். தரையிலும் கூரையிலும் இரண்டிரண்டு அட்டைப் பட்டைகளை இடைவெளி விட்டு ஒட்டினால், ஷீட் அதில் சறுக்கி நிற்கும்.

புதிய அக்ரிலிக்கின் இரு பக்கமும் பாதுகாப்புத் தாள் ஒட்டியிருக்கும். ஒரு பக்கத்தை உரித்துவிட்டு மறுபக்கத்தை மறப்பவர்கள் உண்டு; ஆவி மங்கலாக இருக்கிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள். துடைக்க மென்மையான துணியும் சோப்பு கலந்த தண்ணீரும் போதும். ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படக்கூடாது, அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகள் விழும்.

எதற்கு அக்ரிலிக், கண்ணாடிக் கடையில் 5 மி.மீ. கண்ணாடி மலிவாயிற்றே என்றால், இரண்டு காரணம். ஒன்று, குழந்தைகள் கூடும் இடத்தில் மூலை மழுக்காத கண்ணாடி வேண்டாம். இரண்டாவது, இரட்டை உருவம். முன்பரப்பு ஒரு பிம்பம் தரும், பின்பரப்பு இன்னொன்று தரும். 45 பாகைச் சாய்வில் இவை ஷீட்டின் தடிமனில் முக்கால் பங்கு விலகி நிற்கும். 5 மி.மீ. கண்ணாடியில் கிட்டத்தட்ட 4 மி.மீ.; சின்னப் பொம்மையின் முகத்தில் நான்கு கண்கள் தெரியும். 2 மி.மீ. ஷீட்டில் ஒன்றரை மி.மீ. விலகலோடு போய்விடும்.

இருட்டு

ஆவியைச் செய்வது விளக்கு என்று நினைத்து எல்லோரும் விளக்குக்குச் செலவழிக்கிறார்கள். காசை இருட்டில் போடுங்கள். பக்க அறைக்குள் வெளிச்சம் படுகிற எல்லாமே கண்ணாடியில் தெரியும்: பொம்மை மட்டுமல்ல, அதன் பின்னால் உள்ள சுவரும்தான். சுவர் பழுப்பு அட்டையாக இருந்தால் பின் அறை முழுக்கச் சாம்பல் புகை கவிந்தாற்போல் இருக்கும், ஆவிக்கு ஓரமே இருக்காது. கறுப்பு சார்ட் பேப்பர் பளபளக்கும், உதவாது. கறுப்பு வெல்வெட் முதல் தரம், கறுப்பு ஃபெல்ட் இரண்டாம் தரம். பக்க அறையின் எல்லாச் சுவர்கள், தரை, நடு அறையின் வலச்சுவர் ஆகியவற்றுக்குக் கட்டாயம் ஒட்டுங்கள். ஷீட்டின் விளிம்பு வெளிச்சத்தில் கோடு போல மின்னும், அங்கே கறுப்பு டேப்.

வெளிச்சக் கணக்கு எளிது. இந்தச் சாய்வில் ஷீட் தன்மேல் விழும் ஒளியில் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும், மீதி ஊடுருவிப் போய்விடும். ஆகவே இரண்டு அறைக்கும் ஒரே விளக்கு என்றால் நாற்காலி தெளிவாகத் தெரியும், ஆவி தெரியவே தெரியாது. பக்க அறைக்கு 9 வாட் எல்இடி, பின் அறைக்கு அரை வாட் இரவு விளக்கு என்று தொடங்குங்கள். குண்டு பல்பு வேண்டாம், அட்டை தீய்ந்துவிடும். எல்இடியின் அடிப்பகுதியும் சுடும். கூரையில் ஓட்டை விட்டு, அட்டையில் படாமல் தொங்கவிடுங்கள். விளக்கைச் சுற்றிக் கறுப்புத் தாள் கூம்பு கட்டினால் வெளிச்சம் பொம்மையின் மேல் மட்டும் விழும். அது கண்ணாடியிலோ பின்சுவரிலோ தெறித்தால் கூம்பை நீட்டுங்கள்.

வெள்ளைச் சேலைப் பேய் அலுத்துப்போன விஷயம்தான். ஆனால் இந்தப் பெட்டிக்குள் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது: வெள்ளை அதிகம் ஒளிர்கிறது, கறுப்பு காணாமலே போகிறது. கருங்கூந்தல் கண்ணாடியில் கரைந்து, முகம் மட்டும் முகமூடி போலத் தொங்கும். வேண்டுமென்றே அப்படி விடலாம். வேண்டாமென்றால் முடியில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, பின்பக்கமிருந்து ஒரு சின்ன டார்ச் வெளிச்சம் கொடுங்கள்.

இடம்

கண்ணாடிக்கு எவ்வளவு தூரம் முன்னால் பொருள் இருக்கிறதோ, அவ்வளவு தூரம் பின்னால்தான் பிம்பம் நிற்கும். நம் பெட்டியில் பக்க அறையின் நடுவே வைத்த பொம்மை, பின் அறையின் நடுவே தோன்றும். அங்கேதான் நிஜ நாற்காலி இருக்க வேண்டும். பொம்மையின் முகம் கண்ணாடியைப் பார்த்திருந்தால் ஆவி பார்வையாளரைப் பார்க்கும். பொம்மையைக் கண்ணாடியிடமிருந்து விலக்கினால் ஆவி பின்வாங்கும். இரண்டு அறையின் தரையும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் ஆவி அந்தரத்தில் நிற்கும் அல்லது முழங்கால் வரை தரையில் புதையும். அரை செ.மீ. வித்தியாசம்கூடக் கண்ணில் உறுத்தும்.

உட்கார்ந்த ஆவிதான் நின்ற ஆவியைவிடப் பல மடங்கு நம்பும்படி இருக்கும், ஏனென்றால் அது நிஜமான ஒரு பொருளோடு சேர்ந்துவிடுகிறது. இதற்குப் பின் அறையில் உள்ளது போலவே இன்னொரு நாற்காலி செய்து, முழுக்க வெல்வெட் சுற்றி, பக்க அறையில் வைத்து, அதில் பொம்மையை உட்கார வையுங்கள். கறுப்பு நாற்காலி தெரியாது. ஆனால் அதன் கை பொம்மையின் இடுப்பை மறைக்கிற இடத்தில் ஆவியின் இடுப்பும் மறையும். நிஜ நாற்காலியின் கைக்குப் பின்னால் ஆவி இருப்பதாகவே கண் எடுத்துக்கொள்ளும். இந்த ஒன்றைச் செய்யாத பெட்டியில் ஆவி, படத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கராகத்தான் இருக்கும்.

இடவலம் மாறும் என்பதை மறக்க வேண்டாம். எழுத்து திரும்பித் தெரியும். இடத்தோளில் போட்ட முந்தானை ஆவியில் வலத்தோளுக்குப் போகும். நாடகத்தில் அதே பெண் முன்காட்சியில் உயிரோடு வந்திருந்தால், ஒத்திகையிலேயே மாற்றிக் கட்டிவிடலாம். மாற்றாமல் விட்டால் பலர் என்னவென்று சொல்லத் தெரியாமல் சங்கடப்படுவார்கள். எங்கள் ஓட்டு மாற்றாமல் விடுவதற்கே.

காட்டும் முறை

முன்வாசலைச் சுற்றி 15 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு அட்டைத் தடுப்பு வையுங்கள். இல்லாவிட்டால் வலப்பக்க ஓரத்தில் நிற்பவர் நேரடியாகப் பக்க அறைக்குள் பார்த்துவிடுவார். பார்ப்பவர்கள் ஒன்றரை மீட்டர் தள்ளி, வாசலுக்கு நேரே உட்காரட்டும். அறையை இருட்டாக்கிப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள், கண் பழகும். அதற்குள் யாரும் போனை எடுத்தால் பழையபடி தொடங்க வேண்டியதுதான்.

முதலில் நாற்காலி மட்டும். பிறகு ஆவி விளக்கைப் பத்து வினாடிக்குக் குறையாமல் மெல்ல ஏற்றுங்கள். சுவிட்சைத் தட்டினால் ‘விளக்கு போட்டார்கள்’ என்று புரிந்துவிடும். சாதாரண எல்இடி பல்பு டிம்மரில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) படபடக்கும். டிம்மருக்கென்றே விற்பது வேண்டும், அல்லது விளக்குக்கு முன்னால் ஒரு அட்டையை மெதுவாக நகர்த்தினால் போதும். முழுப் பிரகாசம் வரை போகாதீர்கள். நாற்காலியின் குறுக்குச் சட்டங்கள் ஆவியின் உடல் வழியே தெரிகிற அளவில் நிறுத்துங்கள்.

உயிரற்ற ஒன்று உயிரோடு இருக்கிறதோ என்ற ஐயமே அமானுஷ்ய உணர்வைக் கிளப்புகிறது என்று ஜெர்மன் மனநல மருத்துவர் எர்ன்ஸ்ட் யென்ட்ஷ் 1906-இல் எழுதினார். பெட்டிக்கு அது நேரடியாகப் பொருந்தும். கையை ஆட்டும் பேய் சிரிப்பை வரவழைக்கும். பொம்மையின் தலையில் கறுப்பு நூல் கட்டி, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் அரை அங்குலம் திருப்பினால் போதும்.

மேடைக்கு

அக்ரிலிக் 8 அடிக்கு 4 அடி ஷீட்டாக வரும். 4 அடி அகலத்தை 45 பாகையில் நிறுத்தினால் சுமார் 86 செ.மீ. வாசல் மறையும், ஓர் ஆளுக்குப் போதும். 6 அடி உயரத்தில் வெட்டிய 4 மி.மீ. ஷீட் பத்தரை கிலோ. அதே அளவில் 5 மி.மீ. கண்ணாடி 28 கிலோ வரும், தொடாதீர்கள். பெரிய ஷீட் நடுவில் வளையும், முகம் இழுபடும். நாலு பக்கமும் மரச்சட்டம் போட்டு மேல்சட்டத்தைக் கம்பியால் கட்டுங்கள். ஷீட்டைச் செங்குத்தாக நிறுத்துவதே வசதி. மேலிருந்து 45 பாகை சாய்த்தால் ஆவி நிமிர்ந்து தெரிய, ஒளிந்திருப்பவர் படுத்துக் கிடக்க வேண்டும்.

கண்ணாடிக்குப் பின்னால் நடிப்பவருக்கு ஆவி தெரியாது. வெற்றிடத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அதனால் இரண்டு பேர் நிற்கும் இடங்களையும் தரையில் டேப்பால் குறித்து ஒரே எண்களைக் கொடுங்கள்: ஒருவர் மூன்றில் நின்றால் ஆவி எங்கே இருக்கும், கண் எந்த உயரத்தில் இருக்கும் என்பது மனப்பாடமாக வேண்டும். பார்வையாளர் இடத்தில் ஒருவர் உட்கார்ந்து ‘இன்னும் ஒரு சாண் இடது’ என்று சொல்லாமல் ஒத்திகை நடத்தவே முடியாது.

முடிந்ததும் ஷீட்டைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வெயில் காலத்தில் நிரந்தரமாக வளைந்துவிடும். பழைய படுக்கை விரிப்பில் சுற்றித் தரையில் படுக்கப்போடுங்கள்.