நூலிழையில் முடியும் ஓட்டம்: யார் முன்னால் என்று பார்ப்பது எப்படி?

சில வருடங்களுக்கு முன்பு சேலம் பக்கம் ஒரு குறுவட்டப் போட்டி, அதாவது பக்கத்துப் பள்ளிகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி. பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு என்னை முடிவுக்கோட்டில் நிற்கச் சொன்னார்கள். இரண்டாவது லேன் பிள்ளையும் ஏழாவது லேன் பிள்ளையும் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். நான் இரண்டாவது லேனைக் கைகாட்டினேன். மைக்கில் பெயரும் சொல்லியாகிவிட்டது. ஏழாவது லேன் பிள்ளை அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் வந்து, "அக்கா, நீங்க கோட்டுக்கு நேரா நிக்கலைங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். சுண்ணாம்புக் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஸ்டார்ட் பக்கமாக நின்றிருந்தேன்.

அன்று இரவு நோட்டில் டிராக்கை வரைந்து கணக்குப் போட்டேன். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். முதல் லேனுக்கு 2 மீட்டர் வெளியே, கோட்டுக்கு 1 மீட்டர் முன்னால் நிற்பவரின் கண்ணிலிருந்து ஒரு நூல் பிடிப்போம். இரண்டாவது லேனில் கோட்டைத் தொடும் பிள்ளை வழியாக அந்த நூலை நீட்டினால், ஏழாவது லேனை அடையும்போது அது கோட்டைத் தாண்டி ஒன்றரை மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. ஏழாவது லேன் பிள்ளை அவ்வளவு தூரம் முன்னால் இருந்திருந்தால்தான் என் கண்ணுக்குச் சமமாகவே தெரிந்திருப்பாள்.

அந்தப் பிள்ளைக்கு நான் செய்த தவறை இனி யாரும் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பி.டி. சாருக்கு உதவ வரும் பழைய மாணவர்கள், ஃபோனோடு வரும் அண்ணன்கள், அப்பாக்கள், முதல் தடவை நடுவராக நிற்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் இது உதவும்.

முதல் படி: எதைப் பார்க்க வேண்டும்?

உடலைப் பாருங்கள். தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில் வராது. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள உடல், கோட்டின் ஸ்டார்ட் பக்க விளிம்புக்கு நேர் மேலே எப்போது வருகிறதோ அதுதான் முடிவு. கோட்டை முழுதாகத் தாண்ட வேண்டியதில்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் 100 மீட்டரில் நோவா லைல்ஸ், கிஷேன் தாம்சன் இருவருக்கும் 9.79 விநாடி. ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிரித்தபோது லைல்ஸ் 9.784, தாம்சன் 9.789. முடிவுக்கோட்டில் எடுத்த படத்தில் தாம்சனின் கால் லைல்ஸின் காலுக்கு முன்னால் இருப்பதைப் பார்த்துவிட்டு, "கால் முந்திக்கிச்சே, அது எப்படி தோல்வியாகும்?" என்று இங்கேயும் பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல கேள்வி. ஓடும்போது கால் முன்னும் பின்னும் போய் வருகிறது, கையும் வீசுகிறது. கோட்டருகே எந்தக் கால் முன்னால் இருக்கிறது என்பது காலடி எப்படி விழுந்தது என்பதைப் பொறுத்தது. உடம்பு மட்டும்தான் ஓட்டத்தோடு சீராக நகர்கிறது. அதனால் இந்த விதி எனக்கு நியாயமாகவே படுகிறது.

2016 ரியோவில் பெண்கள் 400 மீட்டரில் ஷானே மில்லர் கோட்டின் மேல் விழுந்தே தங்கம் வாங்கினார். அவருக்கு 49.44, அல்லிசன் ஃபெலிக்ஸுக்கு 49.51. பாய்வதற்கு விதியில் தடையில்லை. ஆனால் நம் மண் தரையில் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள், முழங்கால் போய்விடும். நெஞ்சை முன்னால் சாய்க்கக் கற்றுக் கொடுத்தால் போதும். 1984 லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடியில் நான்காவதாக வந்தார். வெண்கலம் 55.41க்குப் போனது. அவருடைய சராசரி வேகத்தில் அந்த நூறில் ஒரு விநாடி என்பது சுமார் 7 சென்டிமீட்டர். என் உள்ளங்கை அகலம்கூட இல்லை.

இரண்டாவது படி: கோட்டைப் புதிதாகப் போடுங்கள்

காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு மதியம் இறுதி ஓட்டம் வரும்போது ஒரு முழ அகலத்துக்குக் கலைந்து கிடக்கும். எந்த விளிம்பு என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் ஆணி அடித்து, நூல் கட்டி, 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு மறுபடி போடுங்கள். பத்து நிமிட வேலை.

இரண்டு பிள்ளைகள் நெஞ்சுயரத்தில் நூல் பிடித்துக்கொண்டு நிற்கும் பழக்கம் இன்னும் பல ஊரில் இருக்கிறது. அந்த நூலை வைத்துத் தீர்ப்புச் சொல்லவே சொல்லாதீர்கள். பிடிக்கிற பிள்ளை கொஞ்சம் தளர்த்தினாலே நூல் வில்லாக வளைந்துவிடும். முதலில் படுவதும் பெரும்பாலும் கைதான்.

மூன்றாவது படி: நிற்கும் இடம்

எனக்கு முக்கியமான படி இதுதான். டிராக்கின் இரண்டு பக்கமும், கோட்டுக்கு நேராக, ஆளுயரக் கம்பு ஒன்றொன்று நடுங்கள். ஒரு பக்கம் போய், அருகிலுள்ள கம்பு எதிர்க்கம்பை முழுதாக மறைக்கும் இடத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். இப்போது கோட்டுக்கு நேராக நிற்கிறீர்கள். டிராக்கிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி, கோட்டுக்கு நேராக, உயரமான மேடையில் நடுவர்கள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச வழக்கம். நமக்கு வகுப்பறை பெஞ்ச் இரண்டைப் போட்டு ஏறி நின்றாலே போதும். உயரத்திலிருந்து பார்த்தால் அருகில் ஓடுகிற பிள்ளை தூரத்துப் பிள்ளையை மறைக்காது.

சேலம் மகாத்மா காந்தி மைதானத்தில் பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோட்டுக்கு முன்னால் இருப்பவருக்கு அருகிலுள்ள லேன் ஜெயித்த மாதிரித் தெரியும். கோட்டைத் தாண்டி இருப்பவருக்கு தூரத்து லேன் ஜெயித்த மாதிரித் தெரியும். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. "என் கண்ணால பார்த்தேங்க" என்று ஒரு அப்பா சத்தம் போட்டால், அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நீங்களும் ஒருமுறை அவரோடு போய் நின்று பாருங்கள். நான் பார்த்த சண்டைகள் பெரும்பாலும் அங்கேயே அடங்கின.

நான்காவது படி: ஃபோன்

ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா குறுவட்டப் போட்டிக்கெல்லாம் வராது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஃபோனை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பது புரியும். அந்தக் கேமரா முடிவுக்கோட்டின் மேல் ஒரு மெல்லிய கீற்றை மட்டுமே பார்க்கும். விநாடிக்குக் குறைந்தது 1,000 தடவை அதே கீற்றைப் படம் பிடித்து வரிசையாக ஒட்டும். ஆகவே அந்தப் படத்தில் இடமிருந்து வலம் என்பது தூரம் அல்ல, நேரம். படம் முழுவதும் முடிவுக்கோடுதான். கோணலாக நீண்ட கால்களும் கைகளும் அதில் தெரிவதற்குக் காரணம் அதுவே.

நம் ஃபோன் அப்படியல்ல. விநாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் சாதாரண வீடியோவில், விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வரும் பிள்ளை ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 27 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவாள். ஸ்லோ மோஷனில் 240 வைத்தால் சுமார் 3 சென்டிமீட்டர். அதனால் 240 தான் வையுங்கள். ஃபோனை ஸ்டாண்டில், கம்புகள் ஒன்றையொன்று மறைக்கும் அதே இடத்தில், பெஞ்ச் உயரத்தில், படுக்கைவாக்கில் பொருத்துங்கள். கையில் பிடிக்காதீர்கள். ஓட்டம் முக்கால்வாசி ஆகும்போதே ரெக்கார்டிங்கை ஆரம்பித்துவிடுங்கள். பிறகு விரலால் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, ஒவ்வொருவரின் நெஞ்சும் கம்பு நிற்கும் நேரை எந்த ஃப்ரேமில் தொடுகிறது என்று தாளில் எழுதுங்கள்.

ஃபோன் சென்சார் ஒரு ஃப்ரேமை ஒரே கணத்தில் எடுக்காமல் வரி வரியாகப் படிக்கிறது. வேகமாக ஓடும் உடம்பு அதில் கொஞ்சம் சாய்ந்து தெரியும். ஆகவே ஒரே ஃப்ரேமுக்குள் "இவள் ஒரு விரல்கடை முன்னால்" என்று தேடாதீர்கள். ஒரே ஃப்ரேமில் இருவரும் தொட்டால் அது சமம்.

ஐந்தாவது படி: ஸ்டாப் வாட்ச்

வாட்ச் நேரத்தைச் சொல்லும். இடத்தைச் சொல்லுவது நடுவர். மூன்றாவது லேன் முதலில் வந்ததாக நடுவர் பார்த்திருக்க, ஐந்தாவது லேன் வாட்ச் குறைவாகக் காட்டினாலும் இடம் மாறாது. இதைப் போட்டி ஆரம்பிக்கும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

துப்பாக்கிச் சத்தத்துக்கு வாட்சை அமுக்காதீர்கள், புகையைப் பார்த்து அமுக்குங்கள். கிளாப்பர் என்றால் பலகை மூடுவதைப் பாருங்கள். சத்தம் 100 மீட்டரைக் கடக்க கிட்டத்தட்ட 0.29 விநாடி ஆகும். ஒருவர் புகைக்கும் இன்னொருவர் சத்தத்துக்கும் அமுக்கினால், 8 மீட்டர் வேகத்தில் அது இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட பிழை. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் காலைப் பனிமூட்டத்தில் புகையே தெரியாது. அங்கே துப்பாக்கி சுடும் ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒருவர் சிவப்புக் கொடியைச் சட்டென இறக்கட்டும்.

கை வாட்ச் நேரத்தை அடுத்த பத்தில் ஒரு விநாடிக்கு மேலே ஏற்ற வேண்டும். 13.41 என்றால் 13.5. மூன்று வாட்சில் இரண்டு ஒத்துப்போனால் அதுவே நேரம், மூன்றும் வேறென்றால் நடுவிலுள்ளது. இவ்வளவு முரட்டு அளவை வைத்துக்கொண்டு வெவ்வேறு ஹீட்ஸில் (இறுதிக்கு முந்தைய தகுதி ஓட்டங்களில்) ஓடிய பிள்ளைகளை ஒப்பிட்டு இறுதிக்கு எடுப்பது சரியில்லை. ஒவ்வொரு ஹீட்ஸிலும் முதல் இரண்டு இடம் என்று எடுங்கள்.

ஸ்டார்ட்டர் முதல் லேனுக்குப் பக்கத்திலேயே நின்றால் எட்டாவது லேன் பிள்ளைக்குச் சத்தம் 0.025 விநாடி தாமதமாகப் போகும். பாரிஸில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இருந்த இடைவெளியைப் போல ஐந்து மடங்கு. அவர் நடு லேனுக்குப் பின்னால் 10 மீட்டர் தள்ளி நிற்கட்டும், வித்தியாசம் 0.003க்குள் அடங்கிவிடும்.

ஆறாவது படி: பிரிக்க முடியாவிட்டால்

சமம் என்று அறிவியுங்கள். இதைச் சொல்லத்தான் நம் ஊரில் யாருக்கும் மனசு வருவதில்லை. "யாராவது ஒருத்தரைச் சொல்லுங்க சார், லேட்டாகுது" என்பார்கள். கையிலிருக்கும் கருவியால் காட்ட முடியாத வித்தியாசத்தை வாயால் சொல்வது அநியாயம். 2012 அமெரிக்க ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் பெண்கள் 100 மீட்டர் மூன்றாவது இடத்துக்கு ஜெனிபா டார்மோ, அல்லிசன் ஃபெலிக்ஸ் இருவரும் 11.068 விநாடி. முதலில் டார்மோ மூன்றாவது என்று அறிவித்தார்கள், பிறகு சமம் என்று மாற்றினார்கள். மறுபடி ஓடவைக்க முடிவானது, டார்மோ ஓடாமல் விலகிக்கொண்டார். அவ்வளவு கருவிகள் உள்ள இடத்திலேயே முதல் அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அதனால் ஃபோனைப் பார்த்து முடிக்கும் வரை மைக்கைப் பிடித்திருப்பவரிடம் பெயரைக் கொடுக்காதீர்கள்.

முடிவு அறிவித்து 30 நிமிடத்துக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்பதே வழக்கம். அறிவித்த நேரத்தை முடிவுத் தாளிலேயே எழுதுங்கள். ஆட்சேபம் வந்தால் பெற்றோரிடம் பேசுவதற்கு முன், ஓடிய பிள்ளைகளை அழைத்து அந்த ஃப்ரேமைக் காட்டுங்கள். போன வருடம் இரண்டு பையன்கள் என் ஃபோன் மேல் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். முன்னே ஒரு ஃப்ரேம், பின்னே ஒரு ஃப்ரேம் என்று அவர்களே நகர்த்தினார்கள். கடைசியில் சின்னவன்தான், "ஒண்ணாத்தாங்க்கா வந்திருக்கோம்" என்றான்.

முதலிடம் இருவருக்கு என்றால் அடுத்து வருபவருக்கு மூன்றாமிடம், இரண்டாமிடம் கிடையாது. அன்று சான்றிதழ் ஒன்று குறைந்து, எழுதி வாங்க இரண்டு நாள் ஆனது. முதலிடச் சான்றிதழ் ஒன்று கூடுதலாகக் கொண்டு போங்கள்.