குளிர் வருகிறது என்று வீட்டை இறுக மூடிவிடாதீர்கள்: இலையுதிர் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேற்றுவரை வெளிச்சமாக இருந்த நேரத்தில் இன்று விளக்கைப் போட வேண்டியிருக்கிறதே என்று ஒருநாள் சட்டென்று உறைக்கும். பருவம் அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருக்கும். வடகோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23, தென்கோளத்தில் மார்ச் 20 அல்லது 21. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் அந்த நாட்களை ஒட்டித்தான் பகல் மிக வேகமாகச் சுருங்குகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து 50 பாகை தள்ளியிருக்கும் ஊர்களில் தினமும் ஏறக்குறைய 4 நிமிட வெளிச்சம் குறையும். ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட அரை மணி நேரம் போய்விடும்.

அந்த வேகத்தைப் பார்த்ததும் நமக்கு ஒரு பதற்றம் வருகிறது. ஜன்னலை மூடுகிறோம், காற்று வரும் சந்துகளை அடைக்கிறோம், திரைச்சீலையை இழுத்துவிடுகிறோம், ஹீட்டரை ஏற்றுகிறோம். பிறகு நாமும் உள்ளே முடங்கிவிடுகிறோம். இந்தப் பருவத்தில் வீட்டிலும் உடம்பிலும் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இப்படி மூடுவதிலிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் அனுபவம். குளிரை வெளியே நிறுத்துகிறோம், சரி. ஈரத்தையும் புகையையும் இருட்டையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

ஈரம் எங்கே போகிறது?

காற்று எவ்வளவு ஈரத்தைத் தாங்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 17 கிராம் நீராவி இருக்க முடியும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம். 0 டிகிரியில் 5 கிராம்கூட இல்லை. அறையின் சூடான காற்று குளிர்ந்த கண்ணாடியையோ வெளிச்சுவரையோ தொட்டதும், தாங்க முடியாத ஈரத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. காலையில் ஜன்னலில் வழியும் தண்ணீர் அதுதான். கண்ணாடியில் இறங்கியது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். பீரோவுக்குப் பின்னால் இறங்கியது தெரியாது.

குளிர்ப் பிரதேசத்தில் நான் கழித்த முதல் இலையுதிர் காலத்தில், துவைத்த துணியையெல்லாம் படுக்கையறையில் கொடி கட்டி உலர்த்தினேன். ஒரு மெஷின் நிறையத் துவைத்த துணி உலரும்போது சுமார் 2 லிட்டர் தண்ணீர் அறைக் காற்றில் கலக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஜன்னலைத் திறக்கவே இல்லை. சில வாரங்களில் ஒரு மக்கல் வாடை வந்தது. வாசனை மெழுகுவத்தி ஏற்றினேன். மூன்று மாதம் கழித்து பீரோவை நகர்த்தியபோது, சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மெழுகுவத்தி வாடையை மறைத்ததோடு, தன் பங்குக்கு நுண்புகையையும் அறையில் சேர்த்திருக்கிறது. மக்கல் வாடை வந்தால் மறைக்காதீர்கள், அது எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

இதற்கு வழி எளிது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஹீட்டரைக் குறைத்துவிட்டு எதிரெதிர் ஜன்னல்களை முழுக்கத் திறந்து 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் காற்று மட்டும்தான் மாறும். சுவரும் தரையும் சாமான்களும் சூட்டை விட்டுவிடாது என்பதால் அறை சீக்கிரமே பழையபடி ஆகிவிடும். நாள் முழுக்க ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைப்பவர்கள் உண்டு. கேட்க நல்ல யோசனையாக இருக்கும். ஆனால் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் அப்படியே குளிர்ந்துபோய், பூஞ்சணம் பிடிக்க அதுவே முதல் இடமாகிவிடும்.

வெளிச்சுவரை ஒட்டிய பீரோ, கட்டில் தலைமாடு, புத்தக அலமாரி எல்லாவற்றையும் 5 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். குளித்து முடித்த பிறகும் குளியலறை மின்விசிறி கால் மணி நேரம் ஓடட்டும். ஜன்னல் சட்டத்தில் காற்றுக்காகவே விடப்பட்ட துளைகளை டேப் ஒட்டி அடைக்காதீர்கள். இன்னொரு தவறு பலருக்குத் தவறென்றே தெரிவதில்லை. ஆளில்லாத அறையில் ஹீட்டரை நிறுத்திவிட்டு, கூடத்துச் சூடு போகட்டும் என்று கதவை மட்டும் திறந்து வைப்பார்கள். கூடத்தின் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த சுவர்களில் போய்ப் படியும். அறைக்கு மிதமான சூடு கொடுங்கள், இல்லையென்றால் கதவைச் சாத்தி வையுங்கள்.

ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைப்பது நல்லது. 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஒவ்வாமை உள்ளவர்கள் 50-க்குக் கீழே வைத்துக்கொள்ளப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிப் பிழைக்கின்றன. காற்று காய்ந்தால் அவை பெருகாது.

பருவத்தின் கடைசியில் நிலைமை தலைகீழாகும். வெளியே 0 டிகிரியில் இருக்கும் காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். உதடு வெடிக்கும், தொண்டை கரகரக்கும், தோல் அரிக்கும். உடனே ஈரமூட்டி வாங்கி இரவெல்லாம் ஓட விடுகிறார்கள். மானியைப் பார்க்காமல் அதை ஓட்டினால் பூஞ்சணத்தை நாமே வரவழைத்தது மாதிரி. தண்ணீரைத் தினமும் மாற்றாமல், தொட்டியைக் கழுவாமல் ஓட்டினால் அதில் வளர்ந்த கிருமிகளைத்தான் சுவாசிப்போம். அதற்கு முன் குளியலைக் கவனியுங்கள். கொதிக்கக் கொதிக்க நீண்ட நேரம் குளிப்பது தோலின் எண்ணெயைக் கரைத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, துவட்டி, ஈரம் முழுக்கக் காயும் முன்பே களிம்பு தடவிக்கொண்டால் பாதி அரிப்பு நின்றுவிடும்.

சூடு வேண்டும், ஆனால்

வீடு சில்லிட்டிருக்கிறது என்று தெர்மோஸ்டாட்டை 28-க்குத் திருகுகிறோம். அது ஸ்கூட்டர் முறுக்குவதுபோல வேகத்தைக் கூட்டும் கருவி அல்ல. எந்த வெப்பத்தில் நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் சொல்லும் கருவி. 20-இல் வைத்தாலும் 28-இல் வைத்தாலும் பெரும்பாலான வீடுகளில் 20-ஐ எட்ட ஒரே நேரம்தான் ஆகும். பிறகு அதையும் தாண்டிப் போய், வேர்த்து, ஜன்னலைத் திறப்போம். ரேடியேட்டருக்கு முன்னால் சோபாவைப் போடுவது, அதன்மேல் நீளத் திரைச்சீலையைத் தொங்கவிடுவது, ஈரத்துணியைப் போர்த்துவது இவையும் செலவழித்த சூட்டை வீணாக்கும்.

முதல் குளிர் இரவு வரை காத்திருந்து ஹீட்டரைப் போடாதீர்கள். அது ஓடவில்லையென்றால் அந்த இரவில் பழுதுபார்க்க ஆள் கிடைப்பது கடினம். இதமான ஒரு பகலிலேயே தூசியை உறிஞ்சி எடுத்து, ஃபில்டர் இருந்தால் மாற்றி, ஓட்டிப் பாருங்கள். கோடை முழுக்கப் படிந்த தூசி கருகும் வாடை சிறிது நேரம் வரும், அது இயல்பு. பிளாஸ்டிக் உருகும் வாடையோ வயர் கருகும் வாடையோ வந்தால் அப்போதே நிறுத்திவிடுங்கள்.

அடுத்துச் சொல்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது. எரிவாயு, எண்ணெய், விறகு, கரி என எது எரிந்தாலும் காற்று போதாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்குவதால் சளிக் காய்ச்சல் என்றே நினைப்போம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா? வெளியே போனால் தெளிகிறதா? உடனே எல்லோரும் வெளியேறி, அவசர உதவியைக் கூப்பிடுங்கள். பாய்லரையும் புகைபோக்கியையும் வருடம் ஒருமுறை ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கட்டும். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. புகை அலாரத்தை 10 ஆண்டுகளில் மாற்ற வேண்டும், கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பின்புறத்தில் அதன் காலாவதி ஆண்டைப் பாருங்கள். கரி அடுப்பை எந்தக் காரணம் கொண்டும் வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் அறைக்குள்ளோ கொண்டுவராதீர்கள்.

கையில் தூக்கிச் செல்லும் மின் ஹீட்டரை நீட்டிப்பு வயரில் சொருகாமல் சுவர் பிளக்கிலேயே நேராகச் சொருகுங்கள். திரைச்சீலை, படுக்கை, துணியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். தூங்கும்போது அணைத்துவிடுங்கள்.

துணி மடித்து வைப்பதற்கு முன்

கோடைத் துணியை ஒருமுறைதானே போட்டேன் என்று துவைக்காமல் உள்ளே வைத்தால், கண்ணுக்குத் தெரியாத வியர்வை அடுத்த வசந்தத்தில் மஞ்சள் கறையாகத் தெரியும். கம்பளிக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அந்துப்பூச்சி பறப்பதைப் பார்த்து அடிக்க ஓடுகிறோம், ஆனால் துணியைத் தின்பது அதன் புழு. கம்பளியிலும் பட்டிலும் உள்ள புரதம் அதற்கு உணவு. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த இடம் என்றால் இன்னும் பிடிக்கும். எடுத்த கம்பளியில் ஓட்டை கண்டால், பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் போட்டு எடுங்கள்.

பாச்சை உருண்டையை நான் வீட்டில் வைப்பதில்லை. அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அந்த உருண்டையோடு வைத்திருந்த துணியைச் சுற்றியதாலேயே பச்சிளம் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். துவைத்து, நன்றாகக் காயவைத்து, மூடி இறுகும் பெட்டியில் வைத்தாலே போதும்.

வெளியே கொஞ்சம் வேலை

வெளிக்குழாயிலிருந்து தோட்டத்து ஹோஸைக் கழற்றி, குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், குழாய் தாங்காது. கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயை முதல் இலை விழுந்ததும் சுத்தம் செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. மரம் முழுக்க உதிர்ந்த பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். நடைபாதையில் விழுந்த இலை வழுக்கும், அதைப் பெருக்குங்கள். செடிகளுக்கு அடியில் விழுந்ததை விட்டுவைக்கலாம், பல பூச்சிகளுக்குக் குளிர்காலத்தில் அதுதான் வீடு. உள்ளே கொண்டுவந்த தொட்டிச் செடிக்குக் கோடையில் ஊற்றிய அளவே தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். வெளிச்சம் குறைந்தால் அதன் தாகமும் குறையும். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

நம்மையும் மூடிக்கொள்கிறோம்

இருட்டிவிட்டது, குளிர்கிறது என்று மாலை நடையை நிறுத்திவிடுகிறோம். நிறுத்த வேண்டாம், காலைக்கோ மதியத்துக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டு விளக்குகளின் வெளிச்சம் பெரும்பாலும் 100 முதல் 500 லக்ஸ்தான். மேகம் மூடிய பகலில்கூட வெளியே அது ஆயிரக்கணக்கில் இருக்கும். வழக்கமான வீட்டு விளக்கு நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும், உடம்பின் கடிகாரத்துக்கு அது வெளியே இருக்கும் பகல் வெளிச்சத்தைப் போல வலுவான அடையாளம் அல்ல. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கால் மணியாவது வெளியே நில்லுங்கள். மாலையில் நடந்தே ஆக வேண்டுமென்றால் கறுப்பு மேலாடை வேண்டாம், வண்டி ஓட்டுபவருக்குத் தெரியாது.

இதமாகத் தூங்கலாம் என்று படுக்கையறையைக் கதகதவென்று ஆக்குவதும் தவறுதான். உடம்பின் உள்வெப்பம் சற்றுத் தணிந்தால்தான் ஆழ்ந்த தூக்கம் வரும். 18 டிகிரியை ஒட்டி வைத்து, போர்வையைக் கனமாக்கிக்கொள்ளுங்கள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் நாடுகளில் இருப்பவர்கள், குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீடுகளில், அதற்கு முந்தைய நாலைந்து நாட்களில் படுக்கும் நேரத்தைக் கால் கால் மணியாக நகர்த்தினால் அந்த வாரம் அழுகையில்லாமல் போகும். ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்பவர்கள் பக்கத்து வீட்டில் இருமல் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம், எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

இந்த மாதங்களில் மனம் மந்தமாவதைச் சோம்பல் என்று எண்ணித் தன்னையே திட்டிக்கொள்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். ஒவ்வொரு ஆண்டும் இதே பருவத்தில் எழ முடியாத தூக்கம், அதிகப் பசி, எதிலும் பிடிப்பின்மை வந்து, வசந்தத்தில் தானாக விலகினால் அதற்குப் பருவகால மனச்சோர்வு என்று மருத்துவப் பெயரே உண்டு. 1984-இல் நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் அதை விவரித்து எழுதினார்கள். காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரை மணி நேரம் உட்காருவது அதற்குத் தரப்படும் சிகிச்சைகளில் ஒன்று. அந்த விளக்கை நீங்களாக வாங்கி வைத்துக்கொள்வதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். கண் நோய் உள்ளவர்களும் இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்களும் அவரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது. டிசம்பரில் தாங்க முடியாமல் போகும்வரை காத்திருக்காமல், போன வருடமும் இப்படித்தான் இருந்தது என்று நினைவு வந்த அன்றே கேளுங்கள்.